பவுலின் எங்கே இருக்கட்டும்?

புவாக்கே அருகில்,
ஐவரி கோஸ்ட்,
9-2-1980

அன்புள்ள கமலவேணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். தம்பி மரியதாசுக்கு எழுதினால் பிரிக்காமலே பரணில் போட்டுவிடுவான் என்று தெரியும். அதனால்தான் உன் பெயருக்கு எழுதுகிறேன். அவனுக்குப் படித்துக் காட்டு. கேட்க மாட்டேன் என்றால் விட்டுவிடு.

இந்த இடம் நான் நினைத்த மாதிரி இல்லை. ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இது ஒரு வீடு. செம்மண் சுவர், தகரக் கூரை, முற்றத்தில் மாமரம். நம் பவுலினைப் போலப் புத்தி வளராமல் பிறந்தவர்கள் சிலர். அவர்களோடு குடும்பமாக இருக்க வந்தவர்கள் சிலர். எல்லோருக்கும் ஒரே பானையில் சமையல், ஒரே மேசையில் சாப்பாடு. பொறுப்பாக இருப்பவர் சொலாங்ஜ் என்கிற பெல்ஜியம் நாட்டு அம்மாள். மற்றவர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள். என்னை என்ன கணக்கில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. சந்தையில் வெள்ளைக்காரி என்று கூப்பிடுகிறார்கள். நான் சிரித்துவிட்டேன்.

காலையில் மணி அடித்ததும் செபம். பிறகு அமெனான் என்கிற பெண்ணை எழுப்பிக் குளிப்பாட்டித் துணி மாற்றுவது என் பொறுப்பு. இருபது வயது இருக்கும். பேச்சு வராது. கால் இரண்டும் உள்பக்கம் வளைந்திருக்கும். தலையில் தண்ணீர் பட்டால் ஓங்கி அடிப்பாள். மத்தியானத்துக்கு வள்ளிக்கிழங்கை அவித்து, உரலில் இடித்து, களி மாதிரி உருட்டி, வெண்டைக்காய்க் குழம்பில் தொட்டு விழுங்குகிறோம். இப்போது பாலைவனத்துப் புழுதிக் காற்று அடிக்கிற காலம். உதடு வெடிக்கிறது. துவைத்த துணி கொடியிலேயே சிவந்து போகிறது.

பவுலின் எப்படி இருக்கிறாள்? நான் புறப்பட்டபோது தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று விமானத்தில் யோசித்தேன். சொன்னால் என்ன புரிந்திருக்கும் என்றும் யோசித்தேன்.

பதில் எழுது.

ஜெயமணி


கிருமாம்பாக்கம்,
18-3-1980

அண்ணி அவர்களுக்கு கமலவேணி எழுதுவது.

உங்கள் கடிதத்தை உங்கள் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு டிராக்டரை எடுக்கப் போய்விட்டார். மீதியை எனக்கு நானே படித்துக்கொண்டேன்.

ஒரு பெண்ணைக் குளிப்பாட்டுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம்தானா என்று கூடச் சொல்லத் தெரியவில்லை. அந்த நேரத்தில் உங்கள் தங்கை பவுலின் கோழித் தவிட்டுக்குள் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். அவளும் குளிக்கவில்லை. தலையைத் தொட என்னை விடுவதில்லை. நீங்கள் தொட்டால் மட்டும் விடுவாள். நீங்கள் கடல் தாண்டி இன்னொருத்தியின் தலையைத் தொட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இது எப்படி என்று எனக்கு விளங்கச் சொல்லுங்கள். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

அத்தை இறந்தபோது, நான் இருக்கிறவரைக்கும் பவுலினுக்கு ஒரு குறையும் வராது என்று கோயில் வாசலில் நின்று சொன்னது நீங்கள்தான். நான் நம்பினேன். டிக்கெட் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. நான் ஏம்பலத்தில் மாரியம்மன் கோயில் கூழ் குடித்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குத்தான் ஞானஸ்நானம் வாங்கினேன். உங்கள் கோயிலில் எதை நல்லது என்கிறார்கள், எதைப் பாவம் என்கிறார்கள் என்று எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. போன ஞாயிறு பூசையில், நம் பங்குக் கோயிலிலிருந்து ஒரு மகள் ஆப்பிரிக்காவுக்குத் தொண்டு செய்யப் போயிருக்கிறாள் என்று சாமியார் உங்கள் பெயரைச் சொன்னார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பவுலின் எச்சில் ஒழுக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் ஆனால் பாண்டி பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்விடுகிறாள். பள்ளிக்கூடம் முடிந்து நீங்கள் இறங்குகிற பஸ். எல்லோரும் இறங்கி முடிகிறவரைக்கும் நிற்கிறாள். கையைப் பிடித்து இழுத்தால்தான் வருகிறாள்.

இன்னொன்று. எனக்கு மூன்றாம் மாதம். முந்தி இரண்டும் தங்காமல் போனது உங்களுக்குத் தெரியும். கனமானது எதையும் தூக்கக் கூடாது என்று நர்ஸம்மா கண்டித்துச் சொல்லியிருக்கிறார்கள். பவுலின் சில நாள் தரையில் படுத்தால் எழுந்திருக்க மாட்டாள். தூக்காமல் நான் என்ன செய்வது?

கமலவேணி


புவாக்கே,
14-4-1980

அன்புள்ள கமலவேணிக்கு,

நீ உண்டாகியிருக்கிற செய்தியைச் சொலாங்ஜ் அம்மாளிடம் சொன்னேன். மேசையில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். அமெனானும் தட்டினாள், எதற்கென்று தெரியாமல். பத்திரமாக இரு. பவுலினைத் தூக்காதே. அவள் தரையிலேயே கிடந்தாலும் கிடக்கட்டும்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். விளங்கச் சொல்லுங்கள் என்கிறாய். எனக்கு விளங்கினால்தானே உனக்குச் சொல்ல முடியும்?

வீட்டில் பவுலினைக் குளிப்பாட்டும்போது பள்ளிக்கூட மணி, அடுப்பில் சோறு, அம்மாவின் இருமல், எல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். சீக்கிரம் முடியாதா என்றே இருக்கும். இங்கே அமெனானைக் குளிப்பாட்டும்போது அது ஒன்றுதான் வேலை. அவள் முகத்தைப் பார்க்க நேரம் இருக்கிறது. இருபத்தைந்து வருஷம் பவுலினுடன் இருந்தும் அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்த ஞாபகம் இல்லை. அங்கே அது என் தலையில் விழுந்தது. இங்கே நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வித்தியாசம் அவ்வளவுதானா? அப்படியானால் நான் செய்வதற்குத் தொண்டு என்று பெயர் சொல்லலாமா? சாமியாரிடம் கேட்டால் சுலபமாக ஏதாவது சொல்லிவிடுவார். அதனால் கேட்கவில்லை.

போன வாரம் அமெனானின் அம்மா கிராமத்திலிருந்து பார்க்க வந்தாள். மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டே, உன் வீட்டில் இப்படி யாராவது உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். கமலவேணி, அந்த வார்த்தை எப்படி என் வாயில் வந்தது? 

குளிப்பாட்டுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். நீ தண்ணீர் ஊற்றாதே. சொம்பை அவள் கையில் கொடுத்து உன் காலில் ஊற்றச் சொல். உனக்கு ஊற்றி முடித்த பிறகு தனக்கும் ஊற்றிக்கொள்வாள். அமெனான் அப்படித்தான் வழிக்கு வந்தாள்.

வா என்று ஒரு வரி எழுது. வந்துவிடுகிறேன்.

ஜெயமணி


கிருமாம்பாக்கம்,
6-6-1980

அண்ணி அவர்களுக்கு,

வா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. நான் கூப்பிட்டு நீங்கள் வந்தால், தொண்டு செய்யப் போனவளைத் திரும்ப இழுத்து வந்தவள் என்று ஊர் என்னைப் பேசும். அதற்காக மட்டும் இல்லை. வேறு எதற்கு என்று தெரியவில்லை. அதற்குள் இங்கே வேறு மாதிரி ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை பவுலின் பஸ் ஏறிவிட்டாள். பாண்டியிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து நீங்கள் இறங்கவில்லை என்று, அவளே உள்ளே ஏறித் தேடியிருக்கிறாள். கூட்டத்தில் கண்டக்டர் கவனிக்கவில்லை. நான் கிணற்றடியில் இருந்தேன். உங்கள் தம்பி டிராக்டரோடு ரோடு முழுக்க அலைந்தார். கடைசியில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பூக்காரி பிடித்து உட்கார வைத்திருந்தாள். முழங்கால் இரண்டிலும் ரத்தம். செருப்பு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார்: “இனிமே முடியாது கமலா. நாளைக்கு லாரில அடிபட்டுச்சின்னா யாரு பதில் சொல்றது? நீ வேற மாசமா கீற. கூடப் பொறந்ததே வுட்டுட்டுப் போச்சி. உனக்கு இன்னா வந்துச்சி?”

கடலூர்ப் பக்கம் சிஸ்டர்கள் நடத்துகிற இல்லம் ஒன்றில் பேசிவிட்டு வந்திருக்கிறார். திங்கட்கிழமை கொண்டுபோய் விடுவதாக முடிவு. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அண்ணியை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றேன். கேட்டுப் பதில் வருவதற்குள் பிள்ளை பிறந்துவிடும் என்றார். அதுவும் நிஜம்தான். நீங்கள் இதைப் படிக்கும்போது அவள் அங்கே இருப்பாள். ஆனாலும் கேட்கிறேன். உங்களுக்குச் சம்மதமா?

நீங்கள் சொன்ன மாதிரி சொம்பைக் கையில் கொடுத்தேன். என் காலில் ஊற்றினாள், கெக்கெக்கே என்று சிரித்தாள், தன் தலையிலும் ஊற்றிக்கொண்டாள். நேற்றுத்தான் இது நடந்தது. அனுப்பப் போகிற நேரத்தில் எதற்கு இப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கமலவேணி


கிருமாம்பாக்கம்,
2-7-1980

அண்ணி அவர்களுக்கு,

போன கடிதத்தில் எழுதியதை விட்டுவிடுங்கள். பவுலின் வீட்டில்தான் இருக்கிறாள். முடி கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. உங்கள் தம்பி என்னோடு பேசுவதில்லை. நான் செய்தது சரியா தப்பா என்று கேட்கக்கூட இங்கே ஆள் இல்லை. உடம்பு சரியாக இருக்கிறது, பிள்ளை நன்றாக உதைக்கிறது. இப்போது அதிகம் எழுத முடியவில்லை. பவுலின் பேனாவைக் கேட்கிறாள்.

கமலவேணி


புவாக்கே,
25-7-1980

அன்புள்ள கமலவேணிக்கு,

எந்தக் கடிதம்? எனக்கு உன் மார்ச் மாதக் கடிதத்துக்குப் பிறகு வந்தது இந்தச் சின்னக் கடிதம் ஒன்றுதான். முடி வளர்கிறது என்றால் என்ன? பவுலினுக்குத் தலையில் அடிபட்டதா? அம்மை போட்டதா? தம்பி ஏன் பேசவில்லை? நீ என்ன செய்தாய்? பவுலின் வீட்டில்தான் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாயே, வேறு எங்கே இருந்தாள்? சொலாங்ஜ் அம்மாள் தந்தி கொடுக்கச் சொல்கிறார். என்னவென்று கேட்டுத் தந்தி கொடுப்பேன்?

நேற்று அமெனானின் அம்மா மறுபடி வந்திருந்தாள். எனக்கு வேலை எதுவும் ஓடவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டாள். வீட்டில் எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், அமெனானைப் போலவே என்று சொல்லிவிட்டேன். முன்பு இல்லை என்று சொன்னதற்காகத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அவளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மட்டும் கேட்டாள். தம்பியின் மனைவி என்றேன். அவள் மகளின் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு, அந்தப் பெண்ணுக்கு நீ என்ன கொடுத்துவிட்டு வந்தாய் என்று கேட்டாள். ஒரு பழைய கைக்கடிகாரத்தையும் இரண்டு புடவையையும் கொடுத்துவிட்டு வந்தேன். அதையா சொல்வது?

ஜூலை 29

கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் உன் ஜூன் கடிதம் வந்துவிட்டது. எங்கெங்கோ சுற்றி, உறை கிழிந்து வந்திருக்கிறது. கடலூர் பஸ் ஸ்டாண்ட் என்ற இடத்துக்கு மேல் கொஞ்ச நேரம் படிக்க முடியவில்லை. இப்போது பாதி புரிகிறது. இல்லத்திலிருந்து யார் அழைத்து வந்தார்கள், எப்படி என்பது மட்டும் புரியவில்லை.

ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது. சொலாங்ஜ் அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. பவுலினை இங்கே அழைத்துக்கொள், அமெனானின் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது என்றார். பயணத்துக்கு அவர்களே ஏற்பாடு செய்வார்கள். செப்டம்பரில் பாண்டிச்சேரியிலிருந்து வருகிற கன்னியர் ஒருவர் கூட்டிக்கொண்டு வருவார். உன் பிரசவத்துக்கு முன்னால் உன் கை காலியாகிவிடும். தம்பிக்கும் நிம்மதி. நானும் யாரிடமும் எதையும் மறைக்காமல் இருக்கலாம். எல்லோருக்கும் நல்லதாக ஒரு வழி கிடைத்துவிட்டது கமலவேணி. உடனே பதில் போடு. கட்டிலுக்குச் சொல்லிவிட்டேன்.

ஜெயமணி


கிருமாம்பாக்கம்,
28-8-1980

அண்ணி அவர்களுக்கு,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பவுலினை விட்டுவிட்டு வந்த பிறகு வீடு சுத்தமாக இருந்தது. நான் நன்றாகத் தூங்கினேன். பொய் சொல்ல மாட்டேன், நிம்மதியாகத்தான் இருந்தது. அவளுடைய மாற்றுப் பாவாடை ஒன்று கொடியிலேயே தங்கிவிட்டது. அதைக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் கடலூர் போனேன். வேறு எண்ணம் எதுவும் என் மனதில் இல்லை.

இல்லத்தைக் குறை சொல்வதற்கில்லை. கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். பேன் பிடிக்கும் என்று எல்லோருக்கும் மொட்டை அடித்திருந்தார்கள். கூடத்தில் பெஞ்சு போட்டு வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை. அண்ணி, இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதில் பவுலின் யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்து வருஷம் கூட இருந்தவள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன், தெரியவில்லை. அவளுக்குத்தான் என்னைத் தெரிந்தது. எழுந்து வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

சிஸ்டர் வந்து விரலைப் பிரிக்கப் பார்த்தார்.

“வுடுங்க சிஸ்டர். நான் இட்டுக்கினு போறேன்.”

சொன்ன பிறகுதான் அது நான் சொன்னது என்று தெரிந்தது. பாவாடையை மாற்றிவிட்டு பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். வழி முழுக்க என் மடியில் தலையைச் சாய்த்திருந்தாள். உள்ளே பிள்ளை உதைக்கிறபோதெல்லாம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

உங்கள் தம்பி வாசலில் நின்றிருந்தார். “யாரக் கேட்டு இட்டாந்த?” என்றார். “யாரயும் கேக்கல” என்றேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது. ரொம்ப நாள் போனது. போன வெள்ளிக்கிழமை, நான் கேட்காமலே, அவராகவே பவுலினுக்குச் சோறு பிசைந்து வைத்தார். வேலித் தட்டிக்குக் கொக்கி போட்டிருக்கிறார். எங்களுக்குள் சமாதானம் ஆகிவிட்டதா, தெரியவில்லை.

இப்போது உங்கள் கடிதம். நீங்கள் போன புதிதில் இதைக் கேட்டிருந்தால், நானே மீனம்பாக்கம் வரைக்கும் வந்து ஏற்றி விட்டிருப்பேன். இப்போது அனுப்ப மாட்டேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். பாசம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். இன்று காலையில்கூட அவள் முதுகில் ஒன்று வைத்தேன். வைத்துவிட்டு அடுப்பங்கரையில் போய் நின்றேன். ஆனால் அந்த ஊரில் அவளை யார் கூப்பிட்டாலும் அவளுக்குத் தெரியாத பாஷையில் கூப்பிடுவார்கள். நீங்கள் இருக்கிறவரைக்கும் சரி. உங்கள் காலம் முடிந்து இன்னொரு தேசத்துக்குக் கூப்பிட்டால்? நீங்கள் போகக்கூடியவர் அண்ணி. கோபத்தில் சொல்லவில்லை. உங்களால் போக முடிந்தது, போனீர்கள். மறுபடியும் அவள் பஸ் பஸ்ஸாக ஏறித் தேடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கமலவேணி


புவாக்கே,
5-10-1980

அன்புள்ள கமலவேணிக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் காய்ச்சல். படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. என் தங்கையை எனக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்ல நீ யார் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்க விரும்பவில்லை. மறுநாள் திரும்பவும் படித்தேன். அந்தக் கூடத்தில் நான் நின்றிருந்தால் அவளை அடையாளம் கண்டிருப்பேனா என்று யோசித்தேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஏன் மறுக்கிறார்கள் என்று சொலாங்ஜ் அம்மாள் கேட்டார். பிரெஞ்சில் எப்படி எப்படியோ சொல்லிப் பார்த்தேன். தம்பியின் மனைவி உங்களுக்கு ரத்த சொந்தம்கூட இல்லையே என்றார். ஆமாம் என்றேன்.  கட்டிலில் இப்போது வேறொரு பெண் படுக்கிறாள். நன்றாகக் குறட்டை விடுகிறாள்.

காய்ச்சலில் நான் கிடந்தபோது அமெனானை வேறொரு பிள்ளை குளிப்பாட்டினாள். அமெனான் அடம்பிடிக்கவே இல்லை. என்னைத் தேடவும் இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் நிம்மதியாகவும் இருந்தது. இதில் எது சரி என்று தெரியவில்லை. நான் இல்லாமல் இங்கே நடக்கிறது. நான் இல்லாமல் அங்கேயும் நடக்கிறது.

இந்நேரம் உனக்குப் பிறந்திருக்கும். தாயும் பிள்ளையும் சுகம்தானா? உதவிக்கு யார் இருக்கிறார்கள்?

பவுலினை அனுப்பச் சொல்லி எழுதவில்லை. எனக்காகக் கேட்கிறேன். ஜனவரியில் என்னை அனுப்பிவைக்க இவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். உன் வீட்டில் நான் வந்து இருக்கலாமா? பாண்டியில் தனியாக ஒரு அறை பார்த்துக்கொண்டாலும் எனக்குச் சரிதான். பள்ளிக்கூடத்தில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று தெரியாது. அதையும் உன் வீட்டுக்குப் பாரமாக்க மாட்டேன்.

ஜெயமணி


கிருமாம்பாக்கம்,
11-11-1980

அண்ணி அவர்களுக்கு,

பெண் பிறந்திருக்கிறது. செப்டம்பர் கடைசியில், பாகூர் ஆஸ்பத்திரியில். சுகப் பிரசவம். நல்ல கறுப்பு, உங்கள் அம்மாவின் நெற்றி. ஏம்பலத்திலிருந்து எங்கள் அம்மா வந்திருந்துவிட்டு, அறுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். இப்போது வீட்டில் நான், பவுலின், பிள்ளை. உங்கள் தம்பி பொழுது சாய்ந்துதான் வருகிறார்.

பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. ஞானத்தாய் யார் என்று சாமியார் கேட்டார். உங்கள் தம்பியைக் கேட்டேன். வண்டிக்கு டீசல் ஊற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், “அக்கா வந்தா அக்கா. அதுவரைக்கும் இரு, இன்னா அவசரம்?” என்றார். உங்களை அக்கா என்று அவர் சொல்லிக் கேட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. சாமியாரிடம் ஜனவரி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பாண்டியில் அறை எல்லாம் பார்க்க வேண்டாம். இங்கேயே வாருங்கள். எனக்கு உதவி செய்வதற்காகவும் வராதீர்கள். எனக்குப் பழகிவிட்டது.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீங்கள் உள்ளே வந்ததும் பவுலின் உங்களிடம் வர மாட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு என் பின்னால் வந்து நிற்பாள். எத்தனை நாளைக்கு அப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. அப்போது அழாதீர்கள் அண்ணி. இங்கே யாராவது அழுதால் அவளும் அழுகிறாள், பிள்ளையும் எழுந்துவிடுகிறது, மறுபடி தூங்க வைக்க எனக்குப் பெரும்பாடாகிவிடும். கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். மற்றதை மெல்லப் பார்த்துக்கொள்ளலாம்.

கமலவேணி